எல்லோரிடமும் கேட்டாயிற்று

கோபோ ஊர் அத்தையும் சென்ற வாரம் தலையாட்டிவிட்டாள். அதோடு மிசுஹோவின் சுற்று முடிந்தது.

பங்கு வைத்திருக்கும் உறவுக்காரர்கள், வங்கிக் கிளை மேலாளர், ஓய்வு பெற்ற இரண்டு இயக்குநர்கள், தொழிலாளர் சங்கத்து தோய், குடும்பக் கோயிலின் சாமியார் என்று ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகப் போனாள். மண்டியிட்டு உட்கார்ந்தாள். தேநீர் ஆறும்வரை ஆரஞ்சு விளைச்சலைப் பற்றிப் பேசினாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். மரத்தைப் பெயர்த்து வேறு இடத்தில் நடுவதற்கு முன் சுற்றிலும் வேரைக் கிளறித் தயார் செய்வார்கள். இந்த ஊரில் எந்த முடிவுக்கும் முதலில் அந்த வேர் வேலை நடந்தாக வேண்டும். கூட்டம் என்பது, முடிந்துபோன விஷயத்துக்கு எல்லோரும் சேர்ந்து தலை குனியும் இடம்.

விஷயம் இதுதான். குளியலறை தேய்க்கும் பிரஷ் செய்யும் செகாவா நிறுவனத்தின் முதலாளி, மிசுஹோவின் அப்பா, ஏழாவது செகாவா சோயெமோன், வரும் வசந்தத்தில் விலகுகிறார். அடுத்து மிசுஹோவின் கணவன் ரியோஜி. அதற்கு முன் அவனைச் சட்டப்படி மகனாகத் தத்தெடுப்பார்கள். இனாபா ரியோஜி என்பவன் செகாவா ரியோஜி ஆவான். நாற்காலியில் உட்கார்ந்ததும் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பிறந்தபோது வைத்த பெயரையும் விட்டுவிட்டு, எட்டாவது சோயெமோன் ஆவான். இதில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஏழாவது சோயெமோனே அப்படி வந்த மருமகன்தான்.

எல்லோருக்கும் இது தெரியும். ரியோஜிக்கு மட்டும் தெரியாது.

யாரும் மறைக்கவில்லை. பெண்டாட்டி சொல்லாமலா இருப்பாள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். பெண்டாட்டி சொல்லவில்லை. கூட்டம் இன்று மதியம்.

*

காலையில் தொழிற்சாலை முற்றத்தில் எல்லோரும் வானொலியின் உடற்பயிற்சிப் பியானோவுக்குக் கைகால் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலைத் தலைவன் ரியோஜியும் வரிசையில்தான் நிற்பான். பக்கத்தில் எப்போதும் தோய். சங்கத் தலைவன், பெரிய வாய், சொந்தமாக ஆரஞ்சுத் தோட்டம். ரியோஜி இடுப்பை வளைக்கும்போதெல்லாம், கைப்பிடி செய்ய மரம் வாங்க வேண்டாம், இவனையே அறுத்துப் போடலாம் என்பான். பதினைந்து வருடமாக ஒரே கேலி.

இன்று தோய் பக்கத்தில் நிற்கவில்லை. ஒரு வரிசை பின்னால் போய் நின்றிருந்தான்.

"என்ன அங்க போயிட்டே?" என்றான் ரியோஜி.

"நீங்க முன்னாடி நில்லுங்க தலைவரே. வெயில் அங்கதான் நல்லா விழுது."

நீங்க. இந்தக் கடலோரத்து ஜனங்கள் யாருக்கும் மரியாதை கொடுத்துப் பழகியவர்கள் இல்லை. முதலாளியையே முகத்துக்கு நேரே 'வாய்யா' என்பான் தோய். ரியோஜி குனிந்து கால்விரலைத் தொட்டுக்கொண்டே அதை யோசித்தான். இடுப்பு வளையவில்லை. யாரும் கேலி செய்யவில்லை.

அவன் வடக்கே ஒரு இரும்பு ஊரிலிருந்து இயந்திரம் பூட்ட வந்தவன். இரண்டாவது மகன். வந்த இடத்தில் மிசுஹோவைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். பிரஷ்ஷிலிருந்து முடி உதிர்ந்தால் ஏன் என்று கேட்பான். கம்பி தளர்ந்தது என்பார்கள். அது ஏன்? முறுக்கு போதவில்லை. அது ஏன்? ஐந்து தடவை கேட்டால் அடிக்காரணம் கையில் வந்துவிடும் என்பது அவன் தொழில். தொழிற்சாலையில் அவனுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் 'ஏன்-சான்', அதாவது 'ஏன் ஐயா'. அவனுக்கும் அது தெரியும். ஏன் வைத்தார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

தோய் ஏன் பின்னால் நின்றான்?

அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது ஒன்று வந்தது. அலுவலகத்தில் கயோ-சான் தேநீர்த் தட்டோடு வந்தாள். வழக்கமாக முதலில் முதலாளியின் மைத்துனர் ஷிகெமிட்சுவுக்கு வைப்பாள். அவர் விற்பனைப் பிரிவின் இயக்குநர், வயதிலும் மூத்தவர். பிறகுதான் மற்றவர்களுக்கு. இன்று அவரைத் தாண்டி வந்து ரியோஜி முன்னால் முதல் கோப்பையை வைத்தாள். கோப்பைக்கு மூடியும் இருந்தது. மூடி போட்ட கோப்பை வெளியிலிருந்து வரும் பெரிய மனிதர்களுக்கு மட்டும் எடுப்பது.

ஷிகெமிட்சு செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டார்.

ரியோஜி தேநீரைக் குடித்துவிட்டு, ஏதோ அளவு பார்க்கப் போவதுபோல எழுந்து, பின்னால் இருக்கும் பழைய வீட்டுக்குப் போனான். இயக்குநர் கூட்டம் அங்கேதான், பாய் விரித்த பெரிய அறையில். கயோ-சான் காலையிலேயே உட்காரும் சின்ன மெத்தைகளைப் போட்டிருந்தாள். அவனுடைய இடம் அவனுக்குத் தெரியும். கதவோரம். தட்டு வந்தால் வாங்கி வைக்க, யாராவது வந்தால் எழுந்து திறக்க வசதியான, ஆகக் கடைசி இடம். வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவனுக்கு அதுதான் சரி.

கதவோரத்தில் மெத்தை இல்லை.

ஓவியச் சுருள் தொங்கும் மாடத்துக்கு முன்னால், முதலாளியின் மெத்தைக்குப் பக்கத்தில், இன்னொரு மெத்தை கிடந்தது. அங்கே எந்தக் கூட்டத்திலும் யாரும் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. எண்ணிப் பார்த்தான். ஆளுக்கு ஒன்று சரியாக இருந்தது. ஆக, அது யாருக்கு என்பதில் கணக்குப் பிசகே இல்லை.

நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் எல்லோரும் நடந்துகொள்வதைப் பார்த்தால், அவனுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் நடந்துகொள்கிறார்கள். தெரியாது என்று வாயைத் திறந்தால், சொல்ல வேண்டிய யாரோ ஒருவர் சொல்லவில்லை என்று ஆகிவிடும். அந்த யாரோ யார் என்று தெரியும்வரை வாயைத் திறப்பது ஆபத்து. பதினைந்து வருடத்தில் இந்த ஊரில் அவன் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

*

கிடங்குக்குப் பின்னால் புகை பிடிக்கும் இடம். ஷிகெமிட்சு டப்பாக் காப்பியை ஒரு கையில் வைத்துக்கொண்டு சட்டைப் பைகளைத் தடவிக்கொண்டிருந்தார். எதிரே குன்றுச் சரிவில் ஆரஞ்சு பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"எட்டாவது ஆகப்போற ஆளுகிட்ட போய் லைட்டர் கேக்கறதுக்குக் கூச்சமா இருக்கு" என்றார். "இருக்கா?"

எட்டாவது. இந்த வளாகத்துக்குள் அந்த எண்ணுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

ரியோஜி லைட்டரை நீட்டினான். அவன் வாய் அவனைக் கேட்காமலே, "உங்க ஆதரவு வேணும் மாமா" என்று சொன்னது. உடம்பும் தானாகக் குனிந்தது. இந்த ஊரில் இந்த மாதிரி வார்த்தைகளுக்கு மூளை தேவையில்லை. சொல்லி முடித்த பிறகுதான், தான் ஒரு சம்மதத்தைக் கொடுத்துவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது.

ஷிகெமிட்சு புகையை விட்டார். இவர் ஆறாவது சோயெமோனின் சொந்த மகன். ஒரே மகன். நாற்பது வருடத்துக்கு முன், அதே பாய் அறையில், அப்பா இவரைத் தள்ளிவைத்துவிட்டு அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து ஏழாவதாக உட்காரவைத்தார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இவர் வாயால் அதைக் கேட்டவர்கள் குறைவு.

மிசுஹோ எல்லா இடத்துக்கும் நல்லபடியாகப் போய்வந்தாள், சாமியார்கூட உடனே சரி என்றுவிட்டாராம் என்று அவரே சொல்லிக்கொண்டு போனார். அப்படித்தான் ரியோஜிக்கு முழு விஷயமும் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. தத்து. பெயர். வசந்தம். அவன் நடுநடுவே 'ம்' என்று மட்டும் சொன்னான்.

"உங்களுக்கு இதுல வருத்தம் இல்லையா?" என்று கடைசியில் கேட்டான். இது உண்மையான கேள்வி.

"உன் விஷயத்துலயா? ஒண்ணுமில்ல." காப்பி டப்பாவை ஆட்டிப் பார்த்தார். காலி. "பொறந்தவனை விட வந்தவன் நல்லா நடத்துவான்னு எங்கப்பா நெனச்சாரு. நெனச்ச மாதிரியே நல்லா நடத்திட்டாரு அத்தான். அதான் எரிச்சல். கெடுத்திருந்தா நிம்மதியா திட்டிட்டு இருந்திருப்பேன்."

பிறகு, போகிறபோக்கில் சொல்வதுபோல, "மாப்பிள்ளைதான் எடுத்துக்கணும்கறது இந்த வீட்டு வழக்கம். வழக்கம்னா எல்லாருக்கும் வழக்கமா இருக்கணும்" என்றார். லைட்டரைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டார்.

*

முதலாளியே கூப்பிட்டு அனுப்பினார். அறைக்குள் நுழைந்ததும் ரியோஜி நின்ற இடத்திலேயே நின்றான். சோயெமோன் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு முன் நகம் வெட்டுவது அவர் பழக்கம்.

"பேர் மாறினா மொதல்ல கஷ்டமா இருக்கும்" என்றார், முன்னுரை எதுவும் இல்லாமல். "யாராவது சோயெமோன்னு கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன். ரெண்டு வருஷம். புது மொதலாளிக்குக் காது மந்தம்னு ஊர் பூரா பேசிச்சு. ஒசாகாவுல ஒரு கடைக்காரன் எனக்குக் காது மெஷின் வாங்கி அனுப்பினான்."

"அதை என்ன செஞ்சீங்க?"

"போட்டுக்கிட்டேன். வாங்கிக் கொடுத்த ஆளு மனசு நோகுமே."

ரியோஜி சிரித்துவிட்டான். அவரும் லேசாகச் சிரித்தார். உன் விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு கவலை இருந்தது, உனக்குச் சம்மதமா என்று மிசுஹோவிடம் கேட்டேன், அவரைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றாள், அத்தோடு விட்டுவிட்டேன் என்றார். அவனிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மகள் பேச்சை நம்பவில்லை என்று ஆகும்.

அறையை விட்டு வெளியே வந்து ரியோஜி படிக்கட்டில் நின்றான். இதுவரை வந்த ஏன்களுக்கெல்லாம் பதில் ஒரே ஆளிடம் போய் முடிகிறது. அவள் மறந்திருக்க முடியாது. சாமியாரைக்கூட மறக்காதவள், காலையில் எதிரே உட்கார்ந்து மீன் சாப்பிட்டவனை மறப்பாளா?

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு புது வகைப் பழுதைப் பார்த்தால் வரும் அரிப்புதான் வந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. அதை அவன் ஒதுக்கிவைக்கப் பார்த்தான், முடியவில்லை. அந்த நாற்காலி அவனுக்குப் பிடித்திருந்தது. சோளத்திலிருந்து எடுக்கும் நாரில் பிரஷ் செய்யலாம் என்று அவன் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் முதலாளி, நல்ல யோசனை, யோசிப்போம் என்றார். அப்படியென்றால் முடியாது என்று பொருள். எட்டாவது சோயெமோன் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

*

சோதனைக் குளியலறை தொழிற்சாலையின் கடைக்கோடியில் இருக்கிறது. வீட்டில் இருப்பதுபோலவே குளியல் தொட்டிகள் வரிசையாக, தண்ணீர் இணைப்போடு. எண்ணெய், சோப்பு, கரி எல்லாம் குழைத்துச் செயற்கையாக அழுக்கு செய்து தொட்டியில் பூசி, காயவைத்து, பிரஷ்ஷால் தேய்த்துப் பார்ப்பார்கள். அழுக்குச் செய்முறை நிறுவனத்தின் ரகசியம். பிரஷ் செய்முறை யாருக்கும் தெரியும்.

மிசுஹோ ஒரு தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்கான கறுப்பு உடை. கணக்கு, திட்டம், வங்கி எல்லாம் அவள் கையில்தான். வெள்ளம் வந்த வருடம் மற்றவர்கள் சேறு அள்ளிக்கொண்டிருந்தபோது, அவள் நாகோயா போய் இரண்டு பெரிய கடைச் சங்கிலிகளின் ஆர்டரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தாள். அதை எல்லோரும் முதலாளியின் அதிர்ஷ்டம் என்றார்கள்.

அவனைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு சொன்னா?"

"மாமா. எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டு. நீ ஏன் சொல்லல?"

"நேரம் கெடைக்கல."

"ஒரே வீட்ல இருந்துக்கிட்டா?"

அவன் எதிர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். அதில் அழுக்கு இன்னும் காயவில்லை. கால்சட்டையில் ஒட்டியது.

"அடுத்த ஏன் கேக்கப் போறே" என்றாள். "என்னை மெஷினா நெனச்சுக்காத."

"மெஷினா இருந்தா இந்நேரம் கழட்டிப் பாத்திருப்பேன். நான் வேணாம்னு சொல்லிடுவேன்னு பயமா?"

"நீ சரின்னு சொல்லிடுவேன்னு பயம்."

அவனுக்குப் புரியவில்லை. முகத்தில் அது தெரிந்திருக்கும். அவள் தொட்டியின் ஓரத்தில் விரலால் ஒரு கோடு போட்டாள். விரல் கறுத்தது.

"நீ சரின்னுட்டா முடிஞ்சுடும். அதான் உன்னைக் கடைசில வச்சேன். ஒவ்வொரு வீட்லயும் போய், அப்பா ரியோஜியதான் நெனச்சிருக்காருன்னு சொல்லுவேன். சொல்லிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். அந்த கொஞ்ச நேரத்துல யாராவது ஒருத்தர், ஏம்மா, நீ இருக்கியேன்னு கேப்பாங்கன்னு பாத்தேன்."

"யாருமே கேக்கலயா?"

"கோபோ அத்தை ஆரம்பிச்சா. ஏம்மா, நீன்னா. எனக்கு மூச்சே நின்னுடுச்சு. நீ ரொம்ப இளைச்சுட்டியேன்னு முடிச்சா. ஒரு பை நிறைய சீமைப் பனிச்சம்பழம் குடுத்து அனுப்பினா."

குழாயில் எங்கோ தண்ணீர் சொட்டியது. அவளே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று அவன் கேட்டான். கேட்கும்போதே அது முட்டாள்தனமான கேள்வி என்று தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. வேணும் என்று சொல்லும் ஆளுக்கு அதைச் சொன்ன நிமிடமே தகுதி போய்விடும், யாராவது கேட்க வேண்டும், கேட்ட பிறகும் இரண்டு தடவை மறுக்க வேண்டும், அப்புறம்தான் ஏற்கலாம் என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். இன்னொரு விஷயத்தையும் சொன்னாள். கல்யாணத்தில் அவள் செகாவாவை விட்டு இனாபா ஆனாள். இப்போது அவனைத் தத்தெடுத்தால் அவளும் மறுபடி செகாவா ஆகிவிடுவாள். அவள் பிறந்த பெயரே அவளுக்கு அவன் வழியாகத்தான் திரும்பி வரும்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றான்.

"உனக்கு அந்த நாற்காலி வேணும். சோள நார்னு தூக்கத்துல கூட சொல்றே. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் சொன்னது உண்மை.

"இப்ப என்ன பண்ணப் போறே?" என்றாள்.

கூட்டத்துக்கு மணி அடித்துவிட்டது. அவன் எழுந்து கால்சட்டையைத் தட்டினான். அழுக்கு போகவில்லை. நல்ல அழுக்கு. அவனே குழைத்தது.

*

பாய் அறையில் எல்லோரும் அவரவர் மெத்தையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாடத்துக்கு முன் சோயெமோன். பக்கவாட்டில் ஷிகெமிட்சு, கோபோ அத்தை, பழைய இயக்குநர்கள் இரண்டு பேர். தொழிலாளர் சார்பில் தோய், இறுக்கமான கோட்டில். வரிசையின் கடைசி மெத்தையில் மிசுஹோ. ஒவ்வொருவர் முன்னாலும் அரக்குப் பெட்டியில் சாப்பாடு. கடல் மீனும், சிவப்புப் பயறு போட்ட சாதமும். சிவப்புச் சாதம் நல்ல காரியத்துக்குத்தான். நல்ல காரியம் நடப்பதற்கு முன்பே பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. ஷிகெமிட்சு எட்டிப் பார்ப்பதற்காக மூடியைத் திறந்து வைத்திருந்தார்.

ரியோஜி அந்த மெத்தையில் போய் உட்கார்ந்தான். வேறு மெத்தை இல்லை.

சோயெமோன் தொண்டையைச் செருமிக்கொண்டு, விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன் என்றார். யாரும் அசையவில்லை. இனி ரியோஜி இரண்டு கையையும் பாயில் ஊன்றிக் குனிய வேண்டும். எனக்குத் தகுதியில்லாத பொறுப்பு, ஆனாலும் உயிரைக் கொடுத்து உழைக்கிறேன் என்று சொல்ல வேண்டும். பதிலுக்கு எல்லோரும் குனிய வேண்டும். அத்தை இப்போதே பாதி குனிந்துவிட்டாள்.

ரியோஜி கைகளை ஊன்றினான்.

"கயிறை இழுக்கறேன்" என்றான்.

தோய்தான் முதலில் நிமிர்ந்தான். தொழிற்சாலைக்காரனுக்கு அது வேறு எந்தக் கயிறும் இல்லை. முறுக்கு இயந்திரங்களுக்கு மேலே வரிசையின் நீளத்துக்கும் ஒரு சிவப்புக் கயிறு ஓடுகிறது. எதையாவது தப்பாகப் பார்க்கும் எவரும் அதை இழுக்கலாம். முழு வரிசையும் நின்றுவிடும். நேற்று வேலைக்கு வந்தவர் இழுத்தாலும் யாரும் திட்டக்கூடாது. அங்கே மேலே இருப்பவர் முதலில் நன்றி சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் என்ன பார்த்தாய் என்று கேட்க வேண்டும். முன்பு ஒரு பெண்ணின் விரல் போனது. இயந்திரம் ஒழுங்காக ஓடவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், மற்றவர் வேலையைக் கெடுக்க வேண்டாமே என்று எல்லோரும் சும்மா இருந்தார்கள். அந்த வாரமே கயிறு கட்டினார் சோயெமோன். தன் கையால் கட்டினார். அவர் செய்ததிலேயே அவருக்குப் பெருமையான காரியம் அது.

இந்த அறையில் அந்தக் கயிறு இல்லை. ஆனால் விதி தொழிற்சாலைக்கு மட்டும் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

சோயெமோன் முதுகை நிமிர்த்தினார்.

"நன்றி" என்றார். "என்ன பாத்தே?"

"ஒருத்தர்கிட்ட கேக்காம விட்டிருக்கு."

சோயெமோன் மெல்லத் திரும்பி மிசுஹோவைப் பார்த்தார். "ரியோஜிகிட்ட நீ சொல்லலையா?" என்று அவர் கேட்டுவிட்டால் அவளுடைய இரண்டு மாத வேலையும் மானமும் சேர்ந்து போகும். ரியோஜி முந்திக்கொண்டான்.

"என்கிட்ட எல்லாரும் கேட்டாச்சு. காலைலேர்ந்து கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. நான் சொல்றது மிசுஹோவ."

"அவதானே எல்லார்கிட்டயும் போய்க் கேட்டா" என்றாள் கோபோ அத்தை, பாதி குனிந்த நிலையிலேயே.

"ஆமா அத்தை. அவகிட்ட யாரு கேட்டா?"

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். பழைய இயக்குநர்கள் இருவரும் தங்கள் சாப்பாட்டுப் பெட்டியின் அரக்கு வேலையைக் கவனமாகப் பார்த்தார்கள். தோய் காதைச் சொறிந்தான். அவர்கள் ஒவ்வொருவரும் தன் வீட்டில் அந்தக் கொஞ்ச நேரம் அவள் சும்மா உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்த்தார்களா என்பது தெரியாது. யார் முகமும் காட்டிக்கொடுக்கவில்லை.

நிறுவனத்துக்குள் சோயெமோன் மகளை இனாபா-சான் என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் முன்னால் ஒருநாளும் மாறியதில்லை.

"மிசுஹோ" என்றார். "உனக்கு வேணுமா?"

இரண்டு தடவை மறுக்க வேண்டும். அவளுக்குத் தெரியாததில்லை. சற்றுமுன் அவளே ஒப்பித்த பாடம்.

"வேணும்" என்றாள்.

கதவருகே கயோ-சானின் தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதின. ரியோஜி அந்த மெத்தையிலிருந்து எழுந்து பக்கவாட்டில் வெறும் பாயில் உட்கார்ந்தான். சோள நார் ஞாபகம் வந்தது. இனி அதற்கு இவளிடம்தான் கெஞ்ச வேண்டும் என்றால், அப்பாவை விட மோசமாகப் பேரம் பேசுவாள். அது நிச்சயம்.

அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். ஷிகெமிட்சு தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடியிருந்தார்.

"நல்ல விதி இது அத்தான்" என்றார். குரலில் கோபம் இல்லை. "கேக்காம விட்ட ஆளுக்காக இழுக்கலாம்னா, நானும் இழுக்கறேன்."

யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இதே அறை. இதே மாடம். அப்போது மாடத்துக்கு முன் புது மாப்பிள்ளைக்காக ஒரு மெத்தை போட்டிருந்தார்கள், கதவோரத்தில் ஆறாவதின் ஒரே மகன் உட்கார்ந்திருந்தான், எல்லோரிடமும் கேட்டாயிற்று என்றார்கள்.

எல்லோரும் சோயெமோனைப் பார்த்தார்கள். தோய்கூட. முதலில் நன்றி, பிறகு கேள்வி. தானே கட்டிய கயிறு.

மாடத்துக்கு முன்னால் காலியாகக் கிடந்த அந்த மெத்தைக்குப் பக்கத்தில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். நன்றி சொல்ல வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.